ஆசிரியரின் தனிவாழ்வும் சமூக ஊடகமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆசிரியரின் தனிவாழ்வையும் சமூக ஊடகங்களில் அவர் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் பற்றியதாகும். இச்சபையிலே ஆசிரியர்கள் பலர் வீற்றிருக்கின்றனர். ஆசிரியத் தொழிலுக்குப் பயிற்சி பெற்றுவரும் இளைஞரும் யுவதிகளும் இருக்கின்றனர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்தந்தையரும், அண்மையிலே பாடசாலையை விட்டு வெளியேறிய பழைய மாணவரும் இருக்கின்றனர். இந்நால்வகையினருக்கும் இவ்விடயத்திலே பங்கு உண்டு. ஆதலால், ஒரு சாராரைக் குறைகூறி மறுசாராரை மகிழ்விப்பது எமது நோக்கமன்று.

நல்லாசிரியர் எப்படிப்பட்டவராய் இருத்தல் வேண்டும் என்று ஆராய்வது தமிழருக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிக் கூறத் தொடங்கு முன்னரே, பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பைக் கூறுகின்றது. நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கையும் அவருக்கு உவமையாக்குகின்றது. நிலத்தின் பொறுமையும், மலையின் அசையாத நிலையும், நிறைகோலின் நடுநிலையும், யாவரும் விரும்பும் மலரின் இனிமையும் ஆசிரியரிடத்தில் அமைதல் வேண்டும் என்பது கருத்து. இவற்றுள் நிறைகோலைப் பற்றிப் பின்னரும் ஒருமுறை பேசுவோம். நன்னூல் காலத்து மாணாக்கன் ஆசிரியரை அருகிருந்து கண்டான். இக்காலத்து மாணவனோ வகுப்பறையில் ஒரு முறையும், கைத்தொலைபேசியில் இன்னொரு முறையும் ஆசிரியரைக் காண்கின்றான். இந்த இரண்டாவது காட்சியைப் பற்றியே நாம் இன்று சிந்திக்க வேண்டியிருக்கின்றது.

முன்னாளிலும் ஆசிரியர் ஊரவர் கண்ணுக்கு மறைந்து வாழ்ந்தாரல்லர். கோயில் திருவிழாவிலும் சந்தையிலும், கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் எல்லோரும் அவரைக் கண்டனர். அவர் பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போனாரென்றால் மறுநாள் அதுவும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆயினும் வீட்டைச் சுற்றிக் கிடுகுவேலி இருந்தது. வாசலிலே படலை இருந்தது. படலைக்கு உள்ளே நடப்பது வீட்டாருக்குரியது என்ற மரியாதையும் இருந்தது. வெளியில் எழுந்த பேச்சு நாலு நாளில் ஓய்ந்துவிடும். சமூக ஊடகத்தில் எழும் பேச்சு அவ்வாறு ஓய்வதில்லை. அது அழியாமற் கிடக்கின்றது. கணப்பொழுதிலே கடல் கடக்கின்றது. எங்கே, எப்பொழுது, யாருக்காகச் சொல்லப்பட்டது என்ற சந்தர்ப்பத்தையும் இழந்துவிடுகின்றது. வட்ஸ்அப்பிலே ஒருவர் இடும் 'ஸ்ரேற்றஸ்' 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். அதனைப் பார்த்த ஒருவர் ஸ்கிறீன்சொட் எடுத்துவிட்டாரேல், பின்பு அது யார் கையில் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது.

இந்நிலை நம்மிடையே வேரூன்றிய வரலாற்றையும் சிறிது நோக்குவாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றுக் காரணமாக நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகளின் படிப்பு அடியோடு நின்றுவிடக் கூடாதென்று ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைத்தொலைபேசியிலே, சொந்தச் செலவிலே, வட்ஸ்அப் குழுக்களை அமைத்துப் பாடம் நடத்தினர். அச்சேவையை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஆனால், அதனோடு ஆசிரியரின் சொந்த இலக்கம் நாற்பது வீடுகளுக்குச் சென்றது. அவர் வைத்திருக்கும் படத்தையும், அவர் எந்நேரத்தில் விழித்திருக்கிறார் என்பதையும் நாற்பது வீட்டாரும் காணும் நிலை வந்தது. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன, குழுக்கள் மூடப்படவில்லை. இரவு 10 மணிக்கு "ரீச்சர், நாளைக்கு என்ன கொண்டுவர வேணும்?" என்று கேள்வி வருகின்றது. பதில் வரத் தாமதித்தால், "ஒன்லைனில் நின்றும் பதில் தரவில்லை" என்ற மனத்தாங்கல் பிறக்கின்றது. அவசரகாலத்துக்கென்று திறந்த படலை, அவசரம் தீர்ந்த பின்னரும் திறந்தபடியே கிடக்கின்றது.

ஆசிரியருக்குத் தனிவாழ்வு உண்டா என்ற வினாவுக்கு இருவகையான விடைகள் கூறப்படுகின்றன. ஒரு சாரார், ஆசிரியர் இருபத்துநான்கு மணி நேரமும் ஆசிரியரே; ஊர் பார்த்து நடக்கும் விளக்கு அவர்; அவருக்குத் தனிவாழ்வென்று ஒன்று இல்லை என்பர். மறு சாரார், பாடசாலை மணி அடித்த பின்னர் அவரும் மற்றையோரைப் போல ஒரு பிரசை. அவர் எதை எழுதினாலும் எந்தப் படத்தை இட்டாலும் கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை என்பர். முதலாவது விடை மனிதரால் சுமக்க முடியாத சுமையை ஆசிரியர்மேல் ஏற்றுகின்றது. இரண்டாவது விடை, பிள்ளையின் மனத்திலே ஆசிரியருக்குள்ள இடத்தை மறந்துவிடுகின்றது. எமது கருத்து யாதெனில், இவ்விடயத்தில் அளவுகோல் ஒன்றே: அச்செயலால் பிள்ளைக்குத் தீங்கு உண்டா? தீங்கு உண்டெனில் அது வீட்டுக்குள் நடந்தாலும் கேட்கப்பட வேண்டியதே. தீங்கு இல்லையெனில், பார்த்தவருக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்தால் மாத்திரம் அது குற்றமாகிவிடாது.

இந்த அளவுகோலை வைத்து, உலகிலே நடந்த சில சம்பவங்களை ஆராய்வாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த ஒரு பெண், கடற்கொள்ளைக்காரரின் தொப்பியணிந்து கையிற் குவளையோடு நிற்கும் படமொன்றை 'மைஸ்பேஸ்' தளத்தில் இட்டிருந்தார். தம்மைக் குடித்த கொள்ளைக்காரி என்று வேடிக்கையாக வருணித்திருந்தார். அவருடைய பயிற்சியைக் குறித்து வேறு குறைகளும் கூறப்பட்டன. முடிவில் அவருக்கு ஆசிரியப் பட்டம் மறுக்கப்பட்டு, ஆங்கிலத்திலே சாதாரண பட்டம் வழங்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2008இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2009ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்திலும் ஓர் இளம் ஆசிரியை வேலையை இழந்தார். ஐரோப்பாவுக்கு விடுமுறையிற் சென்றபோது வைன், பியர்க் குவளைகளோடு எடுத்த படங்களை அவர் முகநூலில் இட்டிருந்தார். மேலிடத்துக்குப் பெயரற்ற மின்னஞ்சல் ஒன்று போயிற்று. அதிபர் அழைத்துக் கேட்டார்; அன்றே அவர் வேலையை விட நேர்ந்தது. பிள்ளையின் தாயோ தந்தையோ எழுதியதுபோல அமைந்த அம்மின்னஞ்சலை அனுப்பியவர் தம் பெயரோடு முன்வந்து நிற்கவில்லை.

மொட்டைக் கடிதமும் பெட்டிசமும் நமக்குப் புதியனவல்ல. முன்பு மொட்டைக் கடிதம் எழுதுபவன் ஒரு கடதாசியும் முத்திரையும் வாங்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமமும் இல்லை.

இச்சம்பவங்களிலே பிள்ளைகளுக்கு நேர்ந்த தீங்கு யாது? படம் பிடித்தபோது எந்தப் பிள்ளையும் அங்கே இருக்கவில்லை. எந்தப் பிள்ளையும் அவமதிக்கப்படவில்லை. அப்படங்களைப் பொதுவில் இடாதிருப்பது விவேகம் என்று நாமும் சொல்வோம். பிள்ளைகளும் பெற்றாரும் காணக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது ஆசிரியருக்கு நல்லதே. ஆனால் விவேகக் குறைவு வேறு, குற்றம் வேறு. விவேகக் குறைவுக்கு ஒரு நல்ல வார்த்தை போதும். அதற்கு வாழ்வாதாரத்தைப் பறிப்பது நீதியாகாது.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு விவாதம் எழுந்தது. பொருளாதார நெருக்கடியால் யாவரும் வருந்திய காலம் அது. ஆசிரியைகள் சிலர் சேலைக்குப் பதிலாக வேறு வசதியான உடையணிந்து பாடசாலைக்குச் சென்று, அப்படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிட்டனர். பாராட்டும் வந்தது; பழிப்பும் வந்தது. சேலையே தொடர வேண்டும் என்று கல்வியமைச்சு கூறிற்று. சேலை வேண்டுமா வேண்டாமா என்பதில் இச்சபையிலேயே இருவேறு கருத்து இருக்கலாம். அதை நாம் இங்கே தீர்க்க வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே: உடையைப் பற்றிய விவாதம் உடுத்தவரைப் பற்றிய வசையாக மாறலாமா? நம் நாட்டு ஆசிரியருள் பெரும்பான்மையோர் பெண்கள். ஆண் ஆசிரியர் ஒருவர் நண்பரோடு கடற்கரையில் நிற்கும் படத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியை ஒருவர் தம் தங்கையின் கலியாணத்தில் ஆடிய ஆட்டம் மாத்திரம் பெற்றார் குழுக்களிற் சுற்றுகின்றது. இது பிள்ளையின் நலன் கருதிய கவலையன்று. பெண்ணைக் கண்காணிக்கும் பழைய பழக்கம் புதிய கருவியைப் பெற்றிருக்கின்றது; அவ்வளவே.

இனி, ஆசிரியர் பொதுவிடயங்களில் கருத்துக் கூறலாமா என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிக்கறிங் என்னும் ஆசிரியர், பாடசாலைச் சபை கல்விக்கும் விளையாட்டுக்கும் பணத்தைப் பங்கிடும் முறையைக் கண்டித்து உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். சபை அவரை நீக்கிற்று. 1968ஆம் ஆண்டு அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பொதுமக்களைப் பாதிக்கும் விடயத்தில், பொதுமகன் ஒருவன் பேசக்கூடியதை ஆசிரியரும் பேசலாம் என்பதே அதன் சாரம். கனடாவிலே நடந்த மற்றொரு வழக்கு வேறுவிதமாக முடிந்தது. நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் றொஸ் என்னும் ஆசிரியர், யூதரை இகழ்ந்து நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டுவந்தார். வகுப்பறையில் அவர் அவற்றைப் போதித்தார் என்பதற்கு நேரடியான சான்று இருக்கவில்லை. இருந்தும், அவரை வகுப்பறையிலிருந்து அகற்றியது சரியே என 1996ஆம் ஆண்டு கனடாவின் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தன் இனத்தை வெறுப்பவரென்று ஊரறிந்த ஓர் ஆசிரியர் முன்னே ஒரு பிள்ளை அச்சமின்றி அமர்ந்து படிக்க இயலாது. அதே தீர்ப்பில், ஆசிரியப் பணியை விட்டு வேறு பணிக்குச் சென்ற பின்னரும் அவர் வாயை அடைக்கும் கட்டளையை அந்நீதிமன்றம் நீக்கிவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. பிள்ளைக்குத் தீங்கு என்ற எல்லை எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதை இவ்வழக்கு நன்கு காட்டுகின்றது.

நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்துகொண்டே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை வழிநடத்தினார். 1927இல் காந்தியடிகளை இங்கு வரவழைத்தவர்களுள் ஒருவராக விளங்கினார். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணிபுரிந்தார். அரசியலிலும் சமூகச் சீர்திருத்தத்திலும் அவர் கூறியவற்றை மறுத்தோர் பலர். ஆசிரியர் கருத்துடையவராயிருந்தமையால் பாடசாலை கெட்டுவிட்டதென்று வரலாறு கூறவில்லை. இன்று அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் முகநூலில் எழுதப் புகுமுன் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தரின் நடத்தையையும் ஒழுக்காற்றையும் தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி வகுக்கின்றது. அதனை மீறிச் சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியதாகும் என 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை மூலம் நினைவூட்டிற்று. ஆசிரியரின் வாய் முழுதும் கட்டப்பட வேண்டும் என்று நாம் கருதவில்லை. சட்டம் எங்கே நிற்கின்றது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது, பேசுவோருக்குப் பாதுகாப்பு.

இதுவரை ஆசிரியருக்காகப் பேசினோம். இனி ஆசிரியரிடம் மூன்று விடயங்களைக் கேட்க விரும்புகின்றோம்.

முதலாவது, மாணவரோடு மறைவான தொடர்பு வேண்டாம். தனிப்பட்ட செய்திகள், இரவு நேர உரையாடல்கள், "வீட்டில் சொல்லாதே" என்ற வார்த்தை ஆகியவை எவ்வளவு நல்லெண்ணத்தோடு தொடங்கினாலும் ஆபத்துக்கு வழியாகும். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஆசிரியரும் மாணவரும் மாத்திரம் காணக்கூடிய இணையத் தொடர்பைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றினர். அது மிக அகலமாக வகுக்கப்பட்டமையால், தம் சொந்தப் பிள்ளையோடும் பேசமுடியாதோ என்று ஆசிரியர்கள் அஞ்சினர். நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது; அவ்வாண்டிலேயே சட்டசபை அப்பகுதியை நீக்கி, ஒவ்வொரு கல்விச் சபையும் தனக்குரிய விதியை எழுதிக்கொள்ளுமாறு விட்டது. அதே 2011இல் கனடாவின் ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி, மாணவரின் நட்பு அழைப்பை ஏற்க வேண்டாம், மாணவருக்கு நட்பு அழைப்பு அனுப்பவும் வேண்டாம் என்று தன் ஆசிரியருக்கு அறிவுரை கூறிற்று. தடைச் சட்டத்திலும் இவ்வறிவுரை நன்கு பயன்படும் என்பது எமது எண்ணம். வகுப்புக் குழுவில் இன்னொரு ஆசிரியரும் இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குரிய செய்தி பெற்றாரின் இலக்கத்துக்குப் போகட்டும். முகநூல் 13 வயதுக்குட்பட்டோருக்குத் தானே இடமளிப்பதில்லை. இயன்றவர் பாடசாலைக்கென்று தனி இலக்கம் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பிள்ளையின் முகத்தையும் பிள்ளையின் குறையையும் பொதுவில் வைக்க வேண்டாம். விடைத்தாளிற் பிள்ளை எழுதிய பிழையைப் படமெடுத்து நண்பர் சிரிக்க இடுவதும், வகுப்பறையில் ரிக்ரொக் எடுப்பதும், புள்ளிப் பட்டியலை ஊரறிய வைப்பதும் இவ்வகையின. இவற்றினும் நம்மிடையே மலிந்தது வேறொன்று. வெளிநாட்டு அன்பர் ஒருவர் வறிய பிள்ளைக்குச் சப்பாத்தோ துவிச்சக்கரவண்டியோ வாங்க உதவுகின்றார். பொருள் சேர்ந்ததற்குச் சான்றாகப் படம் கேட்கின்றார். பிள்ளையை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் இடுகின்றோம். கொடுத்தவருக்கு மனநிறைவு, பாடசாலைக்குப் பெயர். மறுநாள் அப்பிள்ளை வகுப்புக்கு வரும்போது, கூடப் படிக்கும் பிள்ளைகள் அதனை எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணினோமா? பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் சான்றுக்குப் போதும். ஆசிரியர் தம் தனிவாழ்வை ஊர் மதிக்க வேண்டும் என்று கேட்கும்போது, பிள்ளைக்கும் தனிவாழ்வு உண்டென்பதை முதலில் அவரே மதித்தல் வேண்டும்.

மூன்றாவது, நிறைகோல் சாயாதிருத்தல் வேண்டும். கட்சியில் ஒருவருக்கு விருப்பம் இருக்கலாம். ஆனால் சாதியைச் சொல்லியோ, சமயத்தைச் சொல்லியோ, ஊரைச் சொல்லியோ இழித்து எழுதும் ஆசிரியரின் எழுத்தை, அச்சாதியிலும் அச்சமயத்திலும் அவ்வூரிலும் பிறந்த பிள்ளை வாசிக்கும். அதன்பின் அப்பிள்ளை தன் புள்ளி குறையும் போதெல்லாம் ஐயுறும். அந்த ஐயத்தைப் பின்பு எந்தச் சமாதானத்தாலும் நீக்க முடியாது.

இனிப் பெற்றாரையும் வாலிபரையும் நோக்கிச் சில வார்த்தைகள். ஆசிரியரின் படமோ பேச்சோ உங்கள் கைக்கு வந்தால், அதனை அனுப்பிவிடுமுன் அதே கேள்வியைக் கேளுங்கள்: இதனால் பிள்ளைக்குத் தீங்கு உண்டா? இல்லையெனில் அது உங்களோடு நிற்கட்டும். கண்ணியமான வீட்டில் வேலியால் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்த்ததை ஊருக்குச் சொல்வதுமில்லை. தீங்கு உண்டெனில், குழுவிற் போடாதீர்கள். பெயரோடு, எழுத்தில், அதிபரிடமோ வலயக் கல்விப் பணிப்பாளரிடமோ கொடுங்கள். பிள்ளையைத் துன்புறுத்தியதாக ஐயம் எழுந்தால், பாடசாலையின் மானம் போய்விடும் என்று அதனை மூடி மறைப்பது பெரும் பாவம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இதற்கென்றே இருக்கின்றது. 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தனிவாழ்வு என்ற சொல் ஒருநாளும் அத்தகைய கொடுமைக்குப் போர்வையாகக் கூடாது. அதுபோல, பிள்ளையின் பாதுகாப்பு என்ற சொல்லும் வம்பளப்புக்குப் போர்வையாகக் கூடாது. ஒருவரின் தனிப்பட்ட விபரங்களை வெளியிட்டுத் துன்புறுத்துவதை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குற்றமாக வகுத்தது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதிலும், அயலாரை மதித்து நிறுத்துவது சிறந்தது.

வாலிப நண்பர்களே, ஒரு நிலையை மனத்திற் கொள்ளுங்கள். பயிற்சி முடித்து, முதல் நியமனம் பெற்று, தூரத்துக் கிராமப் பாடசாலைக்கு ஓர் இளம் ஆசிரியை போகின்றார். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்க அவரன்றி வேறொருவர் இல்லை. பல்கலைக்கழகக் காலத்தில் எடுத்த ஒரு படம் அவ்வூர்க் குழுக்களிற் சுற்றத் தொடங்குகின்றது. அவர் வெட்கத்தால் இடமாற்றம் கேட்டுப் போய்விடுகின்றார். படத்தை அனுப்பியவர்க்கு ஒரு நாள் வேடிக்கை; அப்பிள்ளைகளுக்கோ ஓராண்டு கணித ஆசிரியர் இல்லை. இப்பொழுது சொல்லுங்கள், பிள்ளைக்குத் தீங்கு செய்தவர் யார்?

ஆதலால் இச்சங்கத்துக்கு இரண்டு யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கின்றோம். நம் வட்டாரத்துப் பாடசாலைகள் ஒவ்வொன்றும், ஆசிரியரும் பெற்றாரும் கூடியிருந்து, வகுப்புக் குழுக்களுக்கான விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சங்கம் தூண்டுதலாயிருக்கட்டும். எத்தனை மணிவரை செய்தி அனுப்பலாம், யார் யார் குழுவில் இருக்கலாம், பிள்ளைகளின் படத்தை யாருடைய சம்மதத்தோடு இடலாம், முறைப்பாட்டை யாரிடம் கொடுக்கலாம் என்ற நான்கு விடயங்கள் அதில் இருந்தாற் போதும். அடுத்து, எந்த ஆசிரியரைப் பற்றியும் பெயரற்ற படமோ செய்தியோ தம் கைக்கு வந்தால் அதனை மேலே அனுப்புவதில்லை என்று சங்கத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும் உறுதி செய்துகொள்ளட்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை, விரலை ஒரு கணம் நிறுத்தினாற் போதும்.